சர்பத்து கொட்டிய காது மிஷின்

யாராவது கூப்பிட்டால் பிரகாசியின் வலது கை முதலில் கழுத்துக்குக் கீழே போகும். சேலை மடிப்புக்குள் இரண்டு விரல் நுழைந்து ஒரு சின்னச் சக்கரத்தை மெல்லத் திருப்பும். அதற்குப் பிறகுதான் முகம் நிமிரும், பதில் வரும். தெருவுக்குப் புதிதாகக் குடி வந்தவர்கள், பக்தியான பெண் போலிருக்கிறது, பேசுமுன் நெஞ்சைத் தொட்டுக் கும்பிடுகிறாள் என்று நினைப்பார்கள். பழைய ஆட்கள் திருத்துவார்கள். “கும்பிடவும் இல்ல, ஒண்ணும் இல்ல. காது மிஷினைக் கூட்டி வைக்கா.”

பத்து வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் படுக்கையில் கிடந்து எழுந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. அம்மா அந்தோணியம்மாள் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால் ஏதோ இரைகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கு மறுபடி அனுப்பிப் பார்த்தார்கள். ஐந்தாம் வகுப்பு டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் சொல்கிறவர். அவருடைய முதுகைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அந்த வருஷத்தோடு பிரகாசி வீட்டில் இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குக் காது என்றால் தங்கச்சி பிளாரன்ஸ்தான். ஏழு வயது இளையவள். ஐந்து வயதிலேயே அக்காளுக்கு எடுத்துச் சொல்லப் பழகிவிட்டாள். மற்றவர்களைப் போலக் கத்த மாட்டாள். அக்காளின் தாடையைத் தொட்டுத் தன் பக்கம் திருப்புவாள். தன் முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவாள். பிறகு உதட்டை நிதானமாக அசைத்து, வந்தவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்வாள். மீன்காரி யாரை என்ன சொல்லி ஏசினாள், சாமியார் பிரசங்கத்தில் எந்த இடத்தில் தும்மினார், எல்லாம் பிளாரன்ஸ் வாயிலிருந்து அக்காளுக்கு வரும். பிரகாசி சிரித்துக்கொண்டே கேட்பாள். அப்படிப் பன்னிரண்டு வருஷம் போயிற்று.

அண்ணன் பர்னபாஸ் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறவன். எழுபத்து மூன்றில் லீவுக்கு வந்தபோது ஜெர்மனித் துறைமுகம் ஒன்றில் வாங்கிய காது மிஷினைக் கொண்டுவந்தான். சிகரெட் பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் காதில் வைக்கிற குமிழ். இரண்டு பென்சில் பேட்டரி போட வேண்டும். மாட்டிவிட்டு அண்ணன் சக்கரத்தைத் திருப்பியதும் பிரகாசி பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். கூரை மேல் ஒரு காக்கா நடந்துகொண்டிருந்தது. காக்கா நடந்தால் சத்தம் கேட்கும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

“தண்ணி பட்டுச்சுன்னா மொதல்ல பேட்டரியக் கழத்திரு. போட்டுப் பாக்காத. அது ஒண்ணு போதும்” என்று சொல்லிவிட்டு அண்ணன் கப்பலேறினான்.

மிஷின் வந்த பிறகு இறால் கம்பெனியில் உரிக்கிற மேசையிலிருந்து அவளை எடைத் தராசுக்கு மாற்றினார்கள். தராசில் நிற்கிறவள் எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், எழுதுகிறவர் திருப்பிச் சொல்வது சரியா என்று கேட்க வேண்டும். இரண்டும் அவளால் முடிந்தது. மூன்று வருஷத்தில் தெருவிலும் அவளைச் செவிட்டுப் பிரகாசி என்று சொல்வது குறைந்து போயிற்று.

எழுபத்தாறு மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை புன்னைக்காயலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் சிலுவை. மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு கொண்டுபோகிற தோணி ஒன்றில் தண்டல். தோணியும் ஆட்களும் அவன் சொல்கிறபடி போகிற பொறுப்பு. தகப்பன் இல்லை, தாய் மட்டும். அந்தத் தாய் தரகரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டு விட்டிருந்தாள். “எம் மவன் நடுச்சாமத்துல தோணிய விட்டு எறங்கி வருவான். கதவத் தட்டுனா அவளுக்குக் கேக்குமா?”

வந்த அன்றைக்கு அவள் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. பாயில் உட்கார்ந்து, முற்றத்து முருங்கை மரத்தைப் பார்த்தபடி, மரத்திடம் சொல்கிற மாதிரி மெல்லச் சொன்னாள்.

“பிரகாசி, தலையில வச்ச பூவு வாடிட்டே.”

“காலையில வாங்குனது மாமி. இன்னைக்கு வெயிலு கூட” என்றாள் பிரகாசி.

வீடே சிரித்தது. சிலுவையும் சிரித்தான். முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது. “எங்க அம்மைக்கே இம்புட்டுக் கேக்காது” என்றான். பிரகாசி அதையும் கேட்டாள். உதட்டைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். இருபத்தேழு வயதில் அவளுக்கென்று ஒருவன் சொன்ன முதல் வேடிக்கை அது.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாக பிளாரன்ஸ் நன்னாரி சர்பத்து கொண்டுவந்தாள். பாயின் ஓரம் காலில் தட்டியது. தட்டு சாய்ந்து இரண்டு தம்ளர் சர்பத்தும் பிரகாசியின் நெஞ்சில் கொட்டியது. காதுக்குள் கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. எதிரில் சிரித்த வாய்கள் மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளையின் தாய் ஏதோ கேட்டாள். மறுபடி கேட்டாள். பிரகாசிக்குக் கண்ணில் சர்பத்து எரிந்தது, உதட்டைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது முறை அந்த அம்மாள் கேட்கவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரகாசி உள்ளே ஓடி மிஷினைக் கழற்றினாள். முதலில் பேட்டரியை எடுத்தாள். பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். முந்தானையால் ஒற்றினாள். பின்னாலேயே வந்த அந்தோணியம்மாள் அதைக் கையிலிருந்து பறித்து உப்புப் பானைக்குள் வைத்து அமுக்கினாள். “கெடக்கட்டும். உப்பு எல்லா ஈரத்தையும் உறிஞ்சிரும். நீ மூஞ்சியக் கழுவிட்டு வா” என்று உதட்டாலும் கையாலும் சொன்னாள். சுற்றிலும் உப்பளமாக இருந்த அந்த ஊரில் எது நனைந்தாலும் அதுதான் முதல் வைத்தியம். சாயங்காலம் விருந்தாளிகள் போன பிறகு பிரகாசி அதைத் தோண்டி எடுத்தபோது, சத்தம் உள்ளே போகிற சல்லடைக் கண்களில் உப்புப் பரல் சர்பத்தோடு பசையாக ஒட்டியிருந்தது.

பத்து நாளில் பேசி முடிக்க வருவதாக அவர்கள் சொல்லிப் போயிருந்தார்கள். அதற்குள் மிஷின் பேச வேண்டும். பிரகாசிக்கு வேறு நினைப்பு இல்லை.

மறுநாள் அக்காளும் தங்கச்சியும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த ஜெயசிங்கிடம் போனார்கள். கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற நாசரேத் ஊர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தவர், தலையைத் தூக்கி இரண்டு பேரையும் பார்த்தார்.

“இத எதுல போட்டு வச்சீங்க?”

“உப்புல, அண்ணாச்சி” என்றாள் பிளாரன்ஸ்.

“சர்பத்து கொட்டுனது ஒரு பாவம். உப்புல போட்டது ரெண்டாவது பாவம். இந்த ஊர்ல ரேடியோ நனைஞ்சா உப்பு, வாட்ச்சு நனைஞ்சா உப்பு. எங்க ஊர்ல ஒருத்தனும் செய்ய மாட்டான். அங்கன உப்பக் காசு குடுத்துல்லா வாங்கணும்.”

பிளாரன்ஸ் சிரித்துவிட்டு, அக்காளின் தாடையைத் திருப்பி அந்த வேடிக்கையையும் சொன்னாள்.

“உப்பு ஈரத்த இழுக்கும், இல்லைங்கல. கடல் காத்துல உள்ள ஈரத்தையும் சேத்துல்லா இழுக்கும்? அப்புறம் அதுவே தண்ணியா ஓடி உள்ள எறங்கும். சீனி அதுக்கு மேல. காஞ்சாலும் போவாது, பசை மாதிரி ஒட்டிக்கிட்டுக் கம்பியத் தின்னுரும். இத மறுபடி தண்ணியில கழுவணும்.”

“நனைஞ்சு போச்சுன்னு கொண்டாந்தா மறுபடி தண்ணியிலயா?”

“கொழாத் தண்ணி இல்ல தாயி. கார் பேட்டரிக்கு ஊத்துத வடிச்ச தண்ணி. அதுல உப்பும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. பிரஷ்ஷு வச்சுக் கழுவி, ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சிருதேன். காய வைக்கதுதான் பாடு. வெயில்ல வச்சா பிளாஸ்டிக்கு நெளிஞ்சிரும். அடுப்படியும் ஆவாது. காளவாசல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பு சுடுதாவல்லா? தண்ணி தெளிக்கதுக்கு முந்தி, சுட்ட சுண்ணாம்பாவே கொஞ்சம் வாங்கிட்டு வாங்க. டின்னுக்கு அடியில அது, மேல துணி, துணி மேல மிஷினு. மூடிய மெழுகு வச்சு அடைச்சு நாலு நாள். அதுக்குள்ள தொறந்தா அவ்வளவுதான். வெள்ளிக்கிழம வாங்க.”

பிளாரன்ஸ் ஒவ்வொன்றாக உதட்டில் சொன்னாள். கடைசியில், “பேட்டரிய ஒடனே கழத்துனது யாரு? அந்தப் புண்ணியவதியாலதான் இது உசிரோட இருக்கு” என்று ஜெயசிங் சொன்னதையும் விடாமல் சொன்னாள். பிரகாசிக்கு வெட்கமாக இருந்தது.

அவளே பால் பவுடர் டின் ஒன்றை எடுத்துக்கொண்டு காளவாசலுக்கு நடந்தாள். தண்ணீர் தெளிக்காத சுண்ணாம்பு வேண்டும் என்று சொல்லி, அங்கே இருந்தவர் தலையாட்டிய பிறகும் கிட்ட நின்று பார்த்துத்தான் வாங்கினாள். டின் சூடாக இருந்தது. முந்தானையைச் சுற்றி இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து ஜெயசிங் மேசையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லாரி லாரியாக இறால் வந்துவிட்டது. “நீ வேலைக்குப் போ, நான் வாங்கிட்டு வாரேன்” என்றாள் பிளாரன்ஸ். சாயங்காலம் பிரகாசி ஓடி வந்தபோது தங்கச்சி வெறுங்கையோடு வாசலில் நின்றாள்.

“உள்ள ஒரு சாமான் வீணாப் போச்சாம்க்கா. மெட்ராசுல இருந்து வரணுமாம். ஒரு மாசம் ஆவுமாம்.”

அப்போதும் தாடையைத் தொட்டுத்தான் சொன்னாள். பிரகாசி நம்பினாள். பன்னிரண்டு வருஷம் அந்த உதட்டில் பொய் வந்ததில்லை. வந்திருந்தாலும் அவளுக்குத் தெரிய வழியில்லை என்பது அப்போது மனசில் தோன்றவில்லை. ஒரு மாதம் பொறுக்க மாப்பிள்ளை வீட்டார் சம்மதிப்பார்களா என்று மட்டும் கேட்டாள். “அதெல்லாம் அம்மா சொல்லிக்கிடுவா” என்றாள் பிளாரன்ஸ்.

அதற்குப் பிறகு வீட்டில் சின்னச் சின்னதாகச் சில காரியங்கள் மாறின. சோறு போடும்போது பிளாரன்ஸ் அக்காளின் தாடையைத் தொடுவதில்லை, தோளைத் தட்டிவிட்டு விலகிப் போனாள். அந்தோணியம்மாள் பேச வேண்டுமானால் அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பேசும்போது முந்தானை வாய்க்கு வந்தது, பல்வலிக்காரிகள் போல. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எட்டு மணிப் பூசைக்குப் போவதுதான் வீட்டு வழக்கம். இப்போது அம்மா அவளை ஐந்தரை மணிப் பூசைக்கு எழுப்பினாள். கூட்டம் இருக்காது, வெயிலும் இருக்காது என்றாள். கம்பெனியில் அவளை மறுபடி உரிக்கிற மேசைக்கே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பெண்கள் அவளைப் பார்த்து ஏதோ பாவம் பார்க்கிற மாதிரி தலையை ஆட்டினார்கள். மிஷின் போனதற்கு வருத்தப்படுகிறார்கள் என்று பிரகாசி எடுத்துக்கொண்டாள்.

ஜூன் நடுவில் ஒரு நாள், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டாள்.

“அவிய மாலத்தீவுக்குத் தோணியேறிட்டாவளாம். வந்த பொறவுதான்” என்றாள் பிளாரன்ஸ். சொல்லி முடிக்குமுன் அம்மாவின் கை அவள் தொடையில் கிள்ளியதை பிரகாசி பார்த்துவிட்டாள்.

மறுநாள் கம்பெனிக்குப் போகிற வழியில் கடற்கரையோரம் நின்றாள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று மண்ணை வாரி அடித்தது. தோணிகள் வரிசையாகப் பாய் கழற்றிக் கிடந்தன. ஒன்றிரண்டைச் சாய்த்துப் போட்டு அடிப்பலகையில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காற்று நிற்கிற வரைக்கும், மூன்று மாதம், மாலத்தீவுக்கு எந்தத் தோணியும் போகாது. அந்தக் கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பிளாரன்சுக்குத் தெரியாதா? பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள். தோணி விஷயம் பொய் என்றால் வேறு எதெல்லாம் பொய் என்று யோசித்துக்கொண்டே பிரகாசி வேலைக்குப் போனாள். அன்றைக்கு இரண்டு முறை விரலில் இறால் முள் குத்தியது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. அவள் தனியாக ஜெயசிங் கடைக்குப் போனாள். மிஷினும் தங்கச்சியும் இல்லாமல் ஒரு அந்நிய மனிதரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கப் போனது அதுதான் முதல் தடவை. படியில் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு உள்ளே போனாள்.

“அண்ணாச்சி, எங்க காது மிஷினுக்குச் சாமான் வந்துட்டா?”

அவர் முகம் சுருங்கியது. ஏதோ வேகமாகச் சொன்னார். பிறகு புரிந்துகொண்டு ஒரு பழைய பில்லின் முதுகில் பென்சிலால் எழுதினார். ஐந்தாம் வகுப்புப் படிப்பு அதை வாசிக்கப் போதும்.

‘சொன்னபடி வெள்ளிக்கிழமையே உங்கள் தங்கை வாங்கிப் போய்விட்டாள். போட்டுப் பார்த்தோம். நன்றாகப் பேசுகிறது. சாமான் ஒன்றும் தேவையில்லை.’

பிரகாசி அதை மூன்று முறை வாசித்தாள். “சரி அண்ணாச்சி” என்றாள். காகிதத்தை மடித்து ஜம்பருக்குள் வைத்தாள். பக்கத்துக் கடையில் இரண்டு பென்சில் பேட்டரி வாங்கிக்கொண்டு நடந்தாள்.

வீடு பூட்டியிருந்தது. வீட்டுச் சாவியும் பெட்டிச் சாவியும் இருக்கிற இடம் அவளுக்கும் தெரியும். பிளாரன்சின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மேலே அவள் முன்பு பார்த்திராத ஒரு பட்டுச் சேலை, சந்தன நிறம். அதற்குக் கீழே அவள் காளவாசலுக்குக் கொண்டுபோன அதே பால் பவுடர் டின். கெட்டியாக இருந்த சுண்ணாம்பு ஈரத்தைக் குடித்துக் குடித்துப் பொடிந்து மாவாகியிருந்தது. துணியின் மேல் மிஷின் சுத்தமாக, ஒரு உப்புப் பரல் கூட இல்லாமல் இருந்தது. பேட்டரியைப் போட்டுக் குமிழைக் காதில் வைத்துச் சக்கரத்தைத் திருப்பினாள். பக்கத்து வீட்டில் யாரோ அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு தெளிவாகக் கேட்டது. ஜெயசிங் வேலை சுத்தம்.

அவள் அழவில்லை. பெட்டியை முன்போலவே மூடிவைத்தாள்.

அந்த வீட்டில் ஏழு மணிக்குச் செபமாலை. பெண்கள் மூன்று பேரும் முக்காடு போட்டுக்கொண்டு மாதா படத்துக்கு முன் முழங்காலில் நிற்பார்கள். அன்றைக்கு பிரகாசி முக்காட்டைக் காது மறைய நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள். அம்மா முன்பாதி சொல்ல பிளாரன்ஸ் பின்பாதி சொல்வாள். பிரகாசி தன் பாட்டுக்கு மணியை உருட்டுவாள். கொஞ்ச நாளாக அப்படித்தான் நடந்தது.

மூன்றாம் தேவரகசியத்தில், அதாவது மூன்றாவது பத்து மணியில், ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில், ராகம் மாறாமலே அந்தோணியம்மாள் பேச ஆரம்பித்தாள்.

“ஏளா, நாளைக்கு மூணாவது ஓலை. இவள அஞ்சரைப் பூசைக்கே கூட்டிட்டுப் போயிட்டு வந்துரு. எட்டு மணிக்கு நாம ரெண்டு பேரும் போவோம். அருள் நிறைந்த மரியே, வாழ்க...”

“எனக்குப் பயமா இருக்கும்மா. கல்யாணத்தன்னைக்குத் தெரியத்தான செய்யும்?”

“அன்னைக்குத் தெரிஞ்சா என்ன? தாலி ஏறுன பொறவு என்ன செஞ்சிருவா? நாம வேணும்னா செஞ்சோம்? அந்தப் பொம்பளதான் மறுநாளே ஆளனுப்பிட்டா, ஒரு தம்ளர் சர்பத்துல போற காதை நம்பி எம் மவனத் தர முடியாது, சின்னவளத் தாருங்கன்னு. வந்த எடத்த விட்டா ஒனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல. தெருவுல கேட்டவகிட்ட எல்லாம் பெரியவளே விட்டுக் குடுத்துட்டான்னு சொல்லி வச்சிருக்கேன். மணிய உருட்டு.”

கல்யாண ஓலை கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கப்படும். எட்டு மணிப் பெரிய பூசையில்தான் வாசிப்பார்கள். முதல் இரண்டு ஓலையும் வாசித்தாகிவிட்டது. ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது.

பிரகாசி கையிலிருந்த மணியை முடித்தாள். பிறகு சொன்னாள், “அஞ்சரைப் பூசைக்கு வேண்டாம். நானும் எட்டு மணிப் பூசைக்கே வாரேன்.”

அந்தோணியம்மாள் செபமாலையைக் கீழே போட்டாள். பிளாரன்ஸ் அக்காளின் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். காதில் குமிழ் இருந்தது.

“எங்கன இருந்துச்சு?” என்றாள் அம்மா, ஒன்றும் தெரியாதவள் போல.

“ஒம் மவ பெட்டியில.”

பிளாரன்ஸ் அழத் தொடங்கினாள். அழுகை கோபமானது.

“நான் என்னக்கா செய்ய? அஞ்சு வயசுல இருந்து ஒனக்குக் காதா இருந்தேன். பிள்ளைய எல்லாம் வெளையாடப் போவும், நான் ஒங்கூட நின்னு மீன்காரி சொன்னத ஒனக்குச் சொல்லணும். பள்ளிக்கூடம் விட்டா ஒனக்குச் சொல்லணும், கோயிலுக்குப் போனா ஒனக்குச் சொல்லணும். ஒரு நாளாச்சும் என்ன யாராச்சும் எனக்காகக் கூப்புட்டிருக்காவளா? அவிய கேட்டாவ. என்னையக் கேட்டாவ. சரின்னுட்டேன்.”

“சர்பத்த வேணும்னே தட்டிவிட்டியா?”

“மாதா சத்தியமா இல்ல. பாயி தட்டிட்டு.”

“அத நம்புதேன்” என்றாள் பிரகாசி. “அதுக்குப் பொறவு நடந்ததுக்குப் பாயி இல்ல. நீ அவிகளக் கட்டிக்க ஆசப்பட்டா எம் மூஞ்சியத் திருப்பிச் சொல்லிருக்கலாம். வருத்தப்பட்டிருப்பேன், பொறுத்துருப்பேன். பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டுனது என் காதுளா. நீ இல்லாம நான் கேக்கதுக்கு எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்.”

அந்தோணியம்மாள் குறுக்கே வந்தாள். “நாளைக்குக் கோயில்ல எந்திரிச்சு ஏதும் சொல்லிப்புடாதளா. நம்ம மானம் போயிரும்.” அவளுடைய பயம் அதுதான். மகள் அழுதாளா, சாப்பிட்டாளா என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிப் பூசையில் பிரகாசி பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். பின்னால் அம்மாவும் பிளாரன்சும். பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலையை எடுத்தார். புன்னைக்காயல் சிலுவைக்கும் இந்தப் பங்கைச் சேர்ந்த பிளாரன்சுக்கும் நடக்க இருக்கும் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று வாசித்தார். பிரகாசி சக்கரத்தைக் கடைசி வரைக்கும் திருப்பி வைத்திருந்தாள். ஒரு சொல் தவறவில்லை. பின்னால் அம்மா மூச்சை இழுத்ததும் கேட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை. முறை தவறிய உறவு, முன்பே கட்டிய தாலி, இவைதான் கோயில் கேட்கிற தடைகள். அக்காளை ஏமாற்றினது அந்தக் கணக்கில் வராது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது பக்கத்துத் தெரு மிக்கேலம்மாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலைந்து பெண்கள் கூட நின்றார்கள்.

“ஒன்னயத்தாம்ளா தேடுனேன். கூடப் பொறந்தவளுக்காக வந்த மாப்பிள்ளைய விட்டுக் குடுத்தியே, இந்த மனசு யாருக்கு வரும்? ஒங்க அம்மா சொல்லிச் சொல்லி மாஞ்சு போறா.”

பிரகாசியின் கை கழுத்துக்குக் கீழே போயிற்று. அம்மா நாலு அடி தள்ளி நின்று வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். கூட்டத்தில் வாய் திறந்து பிரகாசிக்குப் பழக்கமில்லை. குரல் எவ்வளவு உயரும் என்று அவளுக்கே தெரியாது. அன்றைக்குக் கொஞ்சம் கூடவே உயர்ந்துவிட்டது.

“நான் விட்டுக் குடுக்கல மாமி. எனக்குக் கேக்காத நேரம் பாத்து எடுத்துக்கிட்டாவ. மிஷினு நாலு நாள்ல சரியாயிட்டு. ரெண்டு வாரம் பொட்டிக்குள்ள மறச்சு வச்சிருந்தாவ.”

மிக்கேலம்மாள் பிடித்த கையை விட்டுவிட்டாள். நின்ற பெண்களில் ஒருத்தி அந்தோணியம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். பிளாரன்ஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு யாருக்கும் நிற்காமல் நடந்தாள்.

கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. பிரகாசி போகவில்லை. அந்த வாரமே, கம்பெனியில் கூட வேலை செய்கிற ஜெயசெல்வி முத்தையாபுரத்தில் தன் வீட்டை ஒட்டி ஒரு அறை காலியாக இருப்பதாகச் சொன்னாள். துணி மூட்டையோடு பிரகாசி அங்கே போய்விட்டாள். அண்ணன் பர்னபாஸ் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கடிதம் போட்டான். நடந்தது நடந்துவிட்டது, தங்கச்சிதானே, மனசில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தான். அவள் பதில் எழுதவில்லை.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. பிரகாசி முத்தையாபுரத்தில் அதே அறையில் இருக்கிறாள், பஸ்ஸில் கம்பெனிக்குப் போய் வருகிறாள். மறுபடி தராசு வேலை கொடுத்திருக்கிறார்கள். பிளாரன்ஸ் புன்னைக்காயலில் இருக்கிறாள், ஒரு ஆண் குழந்தை. அந்தோணியம்மாள் இரண்டு முறை முத்தையாபுரத்துக்கு வந்து வாசலோடு திரும்பிப் போனாள். அக்காளும் தங்கச்சியும் பேசிக்கொள்வதில்லை. மிஷின் நன்றாக வேலை செய்கிறது.